சத்தமில்லாத தொட்டி

கடல்நீர்த் தொட்டி ஒன்றில் கோமாளி மீன் ஒன்று வாழ்ந்துவந்தது. வாழ்ந்தது என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். வீட்டுக்காரர் ஒரு சிக்கன சிகாமணி. கரண்ட் பில் எகிறுகிறதென்று, தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது தொட்டியின் மோட்டாரை அணைத்துவிடுவார். அவர் திரும்பும்வரை தண்ணீர் அசையாமல் கிடக்கும். மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். அடியில் வளரும் பவளம் வெளுத்துக்கொண்டே போகும்.

"இன்னிக்காவது நிக்காம ஓடேன் அண்ணே," என்று மீன் ஒருநாள் காலையில் மோட்டாரிடம் கெஞ்சியது.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? சுவிட்ச் அவர் கையில இருக்கே! ஒரு பல்பு இழுக்கிற கரண்டைத்தான் நானும் இழுக்கிறேன். அதுதான் அவர் கண்ணை உறுத்துது," என்றது மோட்டார்.

அந்த வாரமே பவளம் செத்துப்போயிற்று. வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. மனசு கேட்காமல், மிச்சம் பிடித்த கரண்ட் காசோடு பாதிச் சம்பளத்தையும் போட்டுப் புதுப் பவளம் வாங்கிவந்தார். புதுத் தண்ணீர் பழகட்டும் என்று பாலித்தீன் பையோடு அதைத் தொட்டியில் மிதக்கவிட்டார். மோட்டாரை அணைத்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.

பைக்குள்ளிருந்த பவளம் சுற்றுமுற்றும் பார்த்தது.

"கடையில ராப்பகலா மோட்டார் இரைச்சல், காதே அடைச்சுப்போச்சு. இங்க எவ்வளவு அமைதி! இப்படி ஒரு வீடு கிடைக்கக் கொடுத்துவச்சிருக்கணும், இல்லையா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட மீன் வாயைத் திறந்தது. சொல்ல மூச்சில்லை.

"ஆமாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போயிற்று.