நடுச் சீட்டு

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்று டிரைவர் ராஜ்கமல்தான் சொல்வான். நான் நூற்றிரண்டு கிலோ. "யக்கா, ஓரத்துல ஏறாத, வளைவுல வண்டி கொடை சாஞ்சிரும். நடுச் சீட்டுக்குப் போ" என்று தினமும் எல்லோர் முன்னாலும் கத்துவான். தோட்டத்தில் நான் இறங்கியதும் ஜீப்பு கிறீச்சென்று மேலெழும். கூட வரும் பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் செல்போனில் எடை குறைப்பு வகுப்பில் சேர்ந்தேன். வாராவாரம் வீடியோவில் எடை மெஷின்மேல் ஏறி நிற்க வேண்டும். "அசந்தீங்கன்னா போன வெயிட் திரும்பி வந்துடும்" என்று அதட்டுவாள் பட்டணத்து டீச்சர். பட்டினி கிடந்தேன். பதினாலு மாதத்தில் அறுபது கிலோவுக்கு வந்தேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓரத்தில் ஏறினேன். ராஜ்கமல் தடுக்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. கடைசியாக ஓடிவந்த அமுதவள்ளியை நடுச் சீட்டுக்குப் போகச் சொன்னான்.

"அங்க எங்கண்ணே எடமிருக்கு?" என்று அவள் என்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நடுச் சீட்டில் யாருமில்லை.

தோட்டத்தில் எல்லோரும் இறங்கினோம். ஜீப்பு மேலெழவில்லை. ராஜ்கமல் உள்ளே எட்டிப் பார்த்து, "யக்கா, வெரசா எறங்கு. சோலி கெடக்கு" என்று கத்தினான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

ஜீப்பு கிறீச்சென்று மேலெழுந்தது. பெண்கள் சிரித்தார்கள்.