முன்ன பின்ன இருபது லட்சம்

பனியும் காற்றும் தவிர வேறெதுவும் இல்லாத தென்துருவத்தில் இரண்டு கருங்கற்கள் இருந்தன. இரண்டுமே பூமிக்குள்ளிருந்து கொதிக்கும் குழம்பாக ஏறி வந்து, மலை வெடிப்பில் இறுகிப்போனவை. ஒன்று கிழக்கு மலையில், மற்றது எதிரே மேற்கு மலையில்.

கிழக்குக் கல் தான்தான் மூத்தவன் என்று சொல்லிக்கொள்ளும். ஆதாரம் எதுவும் கிடையாது, சத்தம் மட்டும்தான். அதை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டே மேற்குக் கல்லுக்கு அலுத்துவிட்டது. ஒரே ஒரு தடவை "டேய்" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை.

ஒரு கோடையில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து இரண்டிலும் ஒவ்வொரு துண்டு உடைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கோடையில் அவர்கள் கூடாரத்தில் பேசியதை ஒட்டுக்கேட்ட பென்குயின் ஒன்று மூச்சிரைக்க வந்தது.

"ஒரே குழம்புதான் ரெண்டு மலையிலயும் ஏறியிருக்காம்! உங்க ரெண்டு பேருக்கும் பதினெட்டு கோடி வயசாம். முன்ன பின்ன ஒரு இருபது லட்சம் இருக்கலாமாம்."

"டேய்!" என்று மேற்குக் கல் ஆசைதீரக் கத்தியது.

"அவசரப்படாதே தம்பி. அந்த முன்ன இருபது லட்சம் நான். பின்ன இருபது லட்சம் நீ."

மேற்குக் கல்லுக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்சம் யோசித்தது.

"சரிங்கண்ணே. அப்ப காத்துல தேஞ்சு மண்ணாப் போறதும் நீங்கதான் முதல்ல."

காற்று ஊய்யென்று அடித்தது. கிழக்குக் கல்லிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"டேய்," என்றது கிழக்குக் கல், "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதான்டா."