ஓக்சுன் கொடுத்த பயிற்சி

பூசான் நகரில் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஓக்சுனை மேற்பார்வையாளராக உயர்த்தினார்கள். பயிற்சி எப்போது என்று மேலாளர் குவாக்கிடம் கேட்டாள்.

"ஏற்பாடு ஆகிட்டிருக்கும்மா. யாராவது வந்து சொல்லித் தருவாங்க," என்றார். யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் பெரிய இயந்திரம் பாதியில் நின்றபோது ஓக்சுன் கையைப் பிசைந்தாள். துணி மடிக்கும் மிஹ்வா ஓடிவந்து ஒரு குமிழைத் திருகினாள். இயந்திரம் ஓடியது.

"உனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"என்னக்கா, கிண்டலா? நேத்து நீங்கதானே எங்களை நிக்கவெச்சு சொல்லித் தந்தீங்க! தூங்கி வழிஞ்சேன்னு என்னைத் திட்டக்கூடச் செஞ்சீங்களே."

நேற்று ஓக்சுன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள். சொன்னால் பதவி போய்விடுமோ என்று சொல்லாமல் விட்டாள். பிறகு தெரியாததையெல்லாம் மிஹ்வாவிடமே கேட்டுக்கொண்டாள். வேலை நடந்தது. பயமாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை.

ஒரு காலை அவள் சற்றுத் தாமதமாக வந்தாள். உள்ளே, இயந்திரச் சத்தத்தை மீறி அவளுடைய சொந்தக் குரலே பாடம் சொல்லித் தருவது கேட்டது. பெண்கள் வட்டமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓக்சுன் கையுறையை மாட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். மிஹ்வா திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.