நிற்காத பச்சை

பச்சையம்மன் நீலமாகிவிட்டாள்.

ஏரிக்கரைக் கோயிலில் வருஷம் முழுக்கத் தொங்கும், அம்மனை எழுதின திரைச்சீலை அது. தையில் நன்றாகத்தான் இருந்தது. வைகாசியில் பார்த்தால் அம்மன் முகம் சுத்த நீலம். சுற்றியிருந்த சிவப்புகூட உயிரில்லாமல் தெரிந்தது.

குப்பத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேர்தான். குப்பம்மா. அந்தத் தையில்தான் அவள் புருஷன் கருப்பன் கடலோடு போனான். அவன் போனதும் அம்மன் நிறம் மாறினால் வேறு காரணம் எதற்கு? தாலி அறுத்தவள் திரையைத் தொட்டிருக்கிறாள், தீட்டு என்றார்கள்.

ஊர்ப் பெரியதனம் பூபதி அவசரப்படுகிற ஆள் இல்லை. திரையை எழுதிய தருமலிங்கத்தையே வரவழைத்துக் கேட்டார்.

தருமலிங்கம் உலாந்தாக்காரன் கோட்டைக்கு, அந்த டச்சு வியாபாரிகளுக்கு, சாயத்தால் சீலை எழுதுகிறவர். மற்றவர்கள் எழுதும் பச்சை இலையெல்லாம் நாலு வெயிலில் நீலமாகிவிடும், தன் பச்சை மட்டும் நிற்கும் என்று அவருக்குக் கர்வம். சந்தேகப்படும் தரகனை ஓடத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இந்த அம்மனைக் காட்டுவார். அதைப் பார்த்துத்தான் கோட்டை வேலை அவருக்கு வந்துகொண்டிருந்தது.

"நான் போட்ட பச்சை தானா போவாது," என்றார். "யாரோ கை வச்சிருக்காங்க."

அது போதுமாயிருந்தது. குப்பம்மா கோயிலுக்கு வரக் கூடாது, ஏரியில் இறங்கவும் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. அவள் தருமலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தாள், போய்விட்டாள்.

அவர் கோயில் வாசலிலேயே அடுப்பு மூட்டி, மறுபடி பூச மஞ்சள் சாயம் காய்ச்ச உட்கார்ந்தார். புகை கண்ணில் ஏறியதும் பழைய நாள் வந்து நின்றது.

இதே கரைதான். அவரும் கருப்பனும் இளவட்டம். அவுரி நீலத்தில் காய்ந்துகிடந்த முகத்தின்மேல் கடுக்காய்ப்பூ மஞ்சளைத் தடவியதும், அம்மன் கண்ணெதிரே பச்சையானாள். கருப்பன் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"இன்னாய்யா இது, ரெண்டு சட்டியிலயும் பச்சை இல்லியே. எங்கேர்ந்து வந்தா இவ?"

புதுப்பெண்ணான குப்பம்மா அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். சிவப்புக்கு நடுவே அந்தப் பச்சை எழுந்து நின்ற அழகைப் பார்த்து, சிவப்பு பக்கத்தில் வந்தால் பச்சைக்கு ரோஷம் வரும் என்றார் தருமலிங்கம். "எங்க வூட்டுலயும் அதே கதைதான். எங்கம்மா பக்கத்துல வந்தா போதும், இவளுக்கு எங்கேர்ந்துதான் வருமோ," என்றான் கருப்பன். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். மூன்று பேரும் சாயம் காயும்வரை சிரித்தார்கள்.

அப்படி ஒரு சிரிப்பு அப்புறம் அவருக்கு வாய்க்கவில்லை.

மஞ்சள் ஆறியது. பூசினார். அம்மன் பச்சையானாள், ஊர் கும்பிட்டது. அவரும் கிளம்பிப் போனார்.

ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள் வந்து பார்த்தார். மறுபடி நீலம்.

இந்தத் தடவை யார் கையும் படவில்லை. வெயிலும் உப்புக் காற்றும்தான். தன் பச்சையும் போகும். அப்படியானால் இத்தனை வருஷம் எப்படி நின்றது?

மறுநாள் கோட்டைத் தரகன் வருகிறான். கப்பலுக்குச் சீலை பேசவேண்டும். தருமலிங்கம் இந்தத் தடவை காய்ச்சக் கடுக்காய்ப்பூ கொண்டுவந்திருக்கவில்லை. தங்கின இடத்தில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

காலையில் தலையைக் குனிந்தபடி கோயிலுக்குப் போனால், அம்மன் பளிச்சென்று பச்சையாக நிற்கிறாள். தரகன் தலையாட்டுகிறான். பூபதி பரிவட்டத் துணியைக் கையில் எடுத்துவிட்டார்.

தருமலிங்கம் திரைக்குக் கிட்டப் போனார். இது கடுக்காய்ப்பூ இல்லை. அம்மியில் அரைத்த மஞ்சள். முகத்தின் ஓரத்தைத் தாண்டி விரல் தடம். மடிப்பை விரித்தார். உள்ளே அதே தடங்கள், பழசு, ஒன்றின்மேல் ஒன்றாக.

பக்கத்தில் பூபதியின் சம்சாரம் அம்மணி நின்றாள், உள்ளங்கையில் மஞ்சள் கறை. "நீயாம்மா?" என்று கேட்டார்.

"அரைச்சுக் குடுத்தது நானு. பூசுனது நான் இல்லண்ணே."

அவள் தணிந்த குரலில் சொன்னாள். எழுதின முதல் வருஷமே பச்சை வெளுத்துவிட்டதாம். சிநேகிதன் ஊரெல்லாம் பேசின பேச்சு பொய்யாகிவிடக் கூடாதென்று, கோயிலைக் கூட்டிப் பெருக்கும் முறையில் இருந்த கருப்பனும் அவன் பெண்டாட்டியும் வெளுக்க வெளுக்கப் பூசி வந்தார்களாம். அவன் போனபிறகு நின்றுவிட்டது.

"தாலி அறுத்தவ மஞ்சளைத் தொட்டா நீங்கள்லாம் சும்மா இருப்பீங்களா? அதான் நிறுத்திட்டா. இன்னிக்கு மட்டும், தரகன் நீலமா பார்த்தா அண்ணன் பொழப்பு போயிடும்னு, விடியுமுன்ன வந்து பூசிட்டுப் போனா."

பூபதி பரிவட்டத்தோடு வந்தார். தருமலிங்கம் தலையைக் கொடுக்கவில்லை. தரகன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பச்சை நிக்காது," என்றார், தரகன் காதில் நன்றாக விழும்படி. "மத்தவங்க பச்சை மாதிரிதான் அதுவும் போவும். இத்தனை வருசமா அதை நிக்க வச்சது வேற கை. இந்தப் பரிவட்டம் என் தலைக்கு இல்ல."

"பின்ன யார் தலைக்கு?"

ஊரே கேட்க அந்தப் பேரைச் சொன்னார்.

"குப்பம்மா."