பிரிக்கக் கூடாத ஜோடி

“மத்தியானத்துக்குள்ள ஒரு பேரைச் சொல்லுங்க. உங்க பிரசவ வார்டுல இருக்கிற ரெண்டு நர்ஸ்ல ஒருத்தர் புதுக் கட்டடத்துக்குப் போகணும். மனசு வரலேன்னா நீங்களே கிளம்புங்க” என்று பெரிய டாக்டர் போனை வைத்தார்.

தலைமை நர்ஸ் அன்று காலையில்தான் அந்த வார்டில் சேர்ந்திருந்தாள். வெளியூர்களில் அல்லாடி அலுத்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவழியாகக் கிடைத்த இடம். புதுக் கட்டடமோ ஊருக்கு வெளியே. ஆள் பற்றாக்குறை, உட்கார நாற்காலிகூடக் கிடையாது என்று கேள்வி. நெட்டையைத் தள்ளிவிடுவதா, கண்ணாடிக்காரியையா? யோசித்துக்கொண்டே பிரசவ அறைக்குள் நுழைந்தாள்.

குழந்தை அப்போதுதான் பிறந்திருந்தது. அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தது.

“ஏன் சத்தமே இல்ல?” என்றாள் கட்டிலில் கிடந்த தாய். “யாராவது சொல்லுங்களேன்.”

“பார்த்துட்டிருக்காங்கம்மா.” தலைமை நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நெட்டை குழந்தையின் முதுகைத் தேய்த்தாள். கையை நீட்டினாள், உலர்ந்த துணி வந்து விழுந்தது. மறுபடி நீட்டினாள், சளி உறிஞ்சும் குழாய். அவள் குழந்தையின் தலையை இம்மி சாய்ப்பதற்குள் கண்ணாடிக்காரி வாயையும் மூக்கையும் மூடிக் காற்றுப் பையை வைத்து அமுக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு கை விலகிய இடத்தில் மறு கை. இடித்துக்கொள்ளவில்லை, தடுமாறவில்லை. ஒரு சொல் இல்லை.

தலைமை நர்ஸின் அப்பா கொத்தனார். சாரத்தில் செங்கல் வீசிப் பிடிக்கிறவர்களிடம்தான் இப்படி ஒரு கைப்பழக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள். அங்கேயும் ‘பிடி’ என்று ஒரு குரல் கேட்கும். இங்கே அதுகூட இல்லை.

குழந்தையின் கால் கட்டைவிரல் அசைந்தது. மார்பு எழும்பியது. பிறகு அறை அதிர ஓர் அழுகை.

“என்னா தொண்டை உன் பொண்ணுக்கு. ஊரையே கூட்டிருவா” என்றாள் நெட்டை, தாயிடம்.

தலைமை நர்ஸ் வெளியே வந்து போனை எடுத்தாள்.

“டாக்டர், இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சா பாவம். நானே போறேன்.”

“நல்லா யோசிச்சுக்கங்க. அப்புறம் மாத்த முடியாது.”

“யோசிச்சாச்சு.”

கை கழுவ வந்த நெட்டை அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க?”

“நன்றியெல்லாம் வேணாம் சிஸ்டர். ஒரு வார்த்தை பேசாம இப்படி வேலை பார்க்கிற ரெண்டு பேரை வேற எங்க தேடறது?”

“பேச்சுவார்த்தை இருந்தாத்தானே மேடம் பேச?” நெட்டை ஈரக் கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். “எங்கள்ல ஒருத்தியை எங்கயாவது மாத்தி விடுங்கன்னு பழைய மேடம்கிட்ட ரெண்டு பேருமே ரெண்டு வருஷமா கால்ல விழாத குறையாக் கெஞ்சிட்டிருந்தோம்.”