முழு டம்ளர்

"என்ன அண்ணி பண்றீங்க?"

மகள் செருப்பைக் கழற்றிப் போட்டு, கட்டிலில் கிடந்த அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்திருந்தாள். அப்பாவுக்காகக் காய்ச்சிய கஷாயத்தில் முக்கால்வாசியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் வெந்நீரை ஊற்றி டம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தாள் அண்ணி.

அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"மெதுவாப் பேசும்மா. மாமா காதுல விழுந்துடும்."

"விழட்டுமே. மருந்துன்னு நம்பிக் குடிக்கிற மனுஷனுக்கு வெந்நீரா? பெத்த பொண்ணு நான் இருக்கேன் அண்ணி. அப்பாவை இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன். என் கையால முழு டம்ளர் கொடுத்துக்கறேன்."

அண்ணிக்கு முகம் வெளிறிப்போனது. "ஐயோ, அதை மட்டும் செஞ்சுடாதே."

மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இது மாமா முழங்கால் வலிக்கு வருஷக்கணக்காக் குடிக்கிற கஷாயம். ஈரல் நல்லா இருந்தவரைக்கும் ஒண்ணும் பண்ணலை. வேணும்கிறதை உடம்புக்கு விட்டுட்டு, மீதியை வெளியே தள்ளிடும். இப்ப ஈரல் கெட்டிருக்கே, அதால தள்ள முடியலை. எல்லாம் ரத்தத்துலயே தங்கிடுதாம். இந்தத் தொட்டி அடைச்சிருந்தா, தினமும் ஊத்துற தண்ணியே பொங்கி வழியாதா? அது மாதிரி. இனிமே கால் பங்குக்கு மேல கொடுத்தா அதுவே விஷமாயிடும்னு வைத்தியரே சொல்லிட்டார்."

"அதை அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"வைத்தியர் சொன்னாரே. மாமா எகிறிட்டார். 'கால் டம்ளர் குடிக்க நான் என்ன கைக்குழந்தையா, என் உடம்பு எனக்குத் தெரியாதா'ன்னு ஒரே சண்டை. தினம் வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்துட்டு வேற போவார். அதான் முழுசாக் காய்ச்சி, பாதிக்கு மேல கொட்டறேன். பாவம்தான், என்ன பண்றது?"

வரும்போது மகள் பார்த்தாளே, அப்பாவின் கண்ணில் போன தடவை இருந்த மஞ்சள் நன்றாகவே குறைந்திருந்தது. அண்ணியை என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"கொடுங்க அண்ணி, நான் எடுத்துட்டு வரேன்" என்றாள்.

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டம்ளரை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தார். முகம் எட்டுக் கோணலானது. உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"யப்பா, என்ன கசப்பு. நாக்கே செத்துப்போச்சு. இதுதான் மருந்து. வைத்தியன் கிடக்கிறான்."

கதவோரம் நின்ற அண்ணி மகளைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, நிம்மதியாகச் சமையலறைக்குப் போனாள்.

மகளுக்குச் சந்தேகம். டம்ளரின் அடியில் நின்றதை நாக்கில் விட்டுப் பார்த்தாள். கசப்பு என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை.

"அப்பா... இது கசக்கவே இல்லையே?"

அப்பா கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக் குடிக்கிற நாக்கு. முதல் நாளே வாயில வெச்சதும் கத்தத்தான் போனேன். நிமிர்ந்தா, அந்தக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு, நான் என்ன சொல்லப் போறேனோன்னு கைத்துண்டைப் போட்டுத் திருகிட்டிருக்கா. பேசாமக் குடிச்சுட்டேன்."

"அப்ப தெரிஞ்சுபோச்சுன்னு அண்ணிகிட்டச் சொல்லிடலாமேப்பா."

"போடி பைத்தியக்காரி. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அவ எங்கிட்டச் சொன்ன ஒரே பொய் இது. அதுவும் என் உயிருக்காக. அதைப் போய்ப் பிடிச்சுக் கொடுக்கச் சொல்றியா?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள், அப்பா சமையலறைக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"மருமகளே, நாளைக்கும் முழு டம்ளர் வந்தாகணும். ஒரு சொட்டுத் தண்ணி கலந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும், ஆமா."