ரெண்டு கையெழுத்து

"சிங்கப்பூருக்குப் போறது யாரும்மா?"

"தோ, இவதான். எம் மருமவ!"

ராயம்மாள் போட்ட சத்தத்துல, செஞ்சி பேங்க்ல தூங்கிக்கினு இருந்த பியூன் எழுந்து நின்னு சலாம் வெச்சிட்டான்.

மாமியாருக்குப் பின்னால ஜோசப்பின் தலைய குனிஞ்சிக்கினு நின்னா. கல்யாணமாகி ஆறு மாசம். மூணாவது வாரமே புருஷன் தேவசகாயம் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிட்டான். இப்பதான் அவள வரச் சொல்லி கடுதாசி போட்டிருக்கான். கூடவே, அம்மா கடலை வித்த பணத்தையும் அனுப்பி வெக்கச் சொல்லி.

கிளார்க்கு ராமகிருஷ்ணன் பாஸ்போர்ட்டையும், வெளிநாட்டுக்குப் பணம் கொண்டு போக ரிசர்வ் பேங்க் குடுத்த பர்மிட்டையும் பொரட்டிப் பாத்தாரு. எதையும் நம்பர் போட்டுச் சொன்னாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"வழி மூணு இருக்குதும்மா. நம்பர் ஒண்ணு, ரொக்கம். அது ஆகாது, ஹார்பர்லயே புடுங்கிக்குவாங்க. நம்பர் ரெண்டு, உங்க புள்ள பேருக்கு டிராஃப்ட். செலவு கம்மி. நம்பர் மூணு, டிராவலர்ஸ் செக். கமிஷன் உண்டு."

"மூணாவதப் பத்திச் சொல்லு நைனா."

"கமிஷன் உண்டுன்னு சொன்னேனே?"

"காதுல வுழுந்துது. மேல சொல்லு."

"ஒவ்வொரு செக்லயும் ரெண்டு கையெழுத்து. மேல ஒண்ணு, இங்க எம்முன்னால. கீழ ஒண்ணு, அங்க பணம் வாங்கறப்ப. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் காசு."

"கீழ எம் புள்ள போட்டா?"

"செல்லாது."

"நான்தான் இவ புருஷன்னு அவன் சொன்னா?"

"கலெக்டரே வந்து போட்டாலும் செல்லாதும்மா. இவங்கதான் போடணும்."

"தொலஞ்சி பூட்டா?"

"செக் நம்பரச் சொன்னா வேற தருவாங்க."

"எத்தினி நாளு தாங்கும்?"

"ஊறுகாயா அது? எத்தினி வருஷம் ஆனாலும் கெடாது."

அவலூர்பேட்டை சந்தையில மாட்டுக்குப் பல்லு புடிச்சிப் பாக்கற மாதிரி, அரை மணி நேரம் கேட்டா ராயம்மாள்.

பின்னால வரிசையில நின்ன கடலை மண்டி பாவாடைக்குக் கால் வலி. பக்கத்து ஆளுகிட்ட முணுமுணுத்தாரு.

"வெளங்குதா? பணம் மவன் கைக்குப் போனா, பொண்டாட்டிக்குப் பொடவ வாங்கிக் குடுத்துடுவானாம். கெய்வி இன்னா வெவரம் பாரு!"

ராயம்மாள் திரும்பவே இல்ல. "தராசுல நீ வெக்கற வெவரம் எனக்கு வராது பாவாடை. சும்மா நில்லு."

வரிசையே சிரிச்சிது. பாவாடை சொவத்துல இருந்த காலண்டரப் படிக்க ஆரம்பிச்சிட்டாரு.

"மூணாவதே போடு நைனா" ன்னா ராயம்மாள்.

ராமகிருஷ்ணன் ஒரு வெள்ளத்தாளத் தள்ளினாரு. "இதுல ரெண்டு வாட்டி கையெழுத்துப் போடும்மா, பாக்கலாம்."

ஜோசப்பின் போட்டா. மொதல் கையெழுத்து மலை ஏறிச்சி. ரெண்டாவது கெணத்துல எறங்கிச்சி.

"ரெண்டு ஆளு போட்ட மாதிரி இருக்குதே!"

"கேட்டியாடி?" ன்னு ராயம்மாள் மருமவ தலையில ஒரு குட்டு வெச்சா. "மெட்ராஸ்ல இருந்து செக்கு வர்றதுக்கு எத்தினி நாளு நைனா? பத்தா? பத்து நாளும் நூறு நூறு கையெழுத்து. அதுக்கப்புறந்தான் ஒனக்குச் சோறு!"

"சரிங்க அத்தே."

'அய்யோ பாவம்' னு பேங்க்கே உச்சுக் கொட்டிச்சி.

பத்து நாள் கழிச்சி செக் வந்துது. ஜோசப்பினும் வந்தா, வெரலெல்லாம் மசி. அஞ்சு செக். அஞ்சு கையெழுத்தும் அச்சுல வார்த்த மாதிரி வுழுந்துது.

"பேஷ்!" ன்னாரு ராமகிருஷ்ணன்.

ராயம்மாள் அதையெல்லாம் ஒரு துணிப்பையில சுருட்டி, மருமவ கையில திணிச்சா.

"இதுல ஒண்ணக்கூட ஒடச்சிக் காசாக்கக் கூடாது. பொடவைக்கு ஆகாது, பவுடருக்கு ஆகாது, சினிமாவுக்கும் ஆகாது. சகாயம் கெஞ்சுவான், கொஞ்சுவான், குடுத்துடாத. குடுத்தேன்னு தெரிஞ்சிது, நானே கப்பலேறி வந்துடுவேன், ஆமா!"

ஜோசப்பினுக்குக் கண்ணு கலங்கிடுச்சி.

ராமகிருஷ்ணனால தாங்க முடியல. பேனாவ மூடி வெச்சாரு.

"நம்பர் ஒண்ணு, இதுல நான் தலையிடக் கூடாது. நம்பர் ரெண்டு, தலையிடறேன். ஊரு பேரு தெரியாத எடத்துக்குப் போற பொண்ணு. கையில பணத்தக் குடுத்துட்டு தொடாதேன்னா எப்பிடிம்மா? பேசாம உங்க புள்ள பேருக்கே டிராஃப்ட் எடுத்திருந்தா கமிஷனும் மிச்சம், அவரும் சந்தோஷப்பட்டிருப்பாரு. பெத்த புள்ள மேல நம்பிக்கை இல்லையா?"

மொதல் தடவையா ராயம்மாள் கொரல் எறங்கிச்சி.

"எம் புள்ள, செத்துப்போன அவங்கப்பன உரிச்சி வெச்சாப்பல இருப்பான் நைனா. மூஞ்சி மட்டும்னா எனக்குக் கவலையே இல்ல."

அப்புறம் மருமவ மோவாயத் தொட்டு நிமித்தினா.

"இது சரியா ஒரு கப்பல் டிக்கெட்டுக் காசு. ஒன்ன நல்லபடியா வெச்சிருந்தான்னா, அஞ்சு வருஷம் கழிச்சி ஒடச்சி பட்டுப்பொடவ வாங்கிக்க. கை ஓங்கினான்னா, அன்னிக்கே கீழ் கையெழுத்தப் போட்டுக் கப்பலேறு. ஒங்கம்மா வூட்டுக்குப் போவாத, நேரா எங்கூட்டுக்கு வா. அவனும் பின்னாலயே வந்தான்னு வெய்யி, கதவ ஒனக்கு மட்டுந்தான் தொறப்பேன்!"